மெட்டில்டாவிடம் தேடிய பிழை

1

இந்தக் கதையைப் பொறாமையில்தான் எழுத ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

கீழவைப்பார் மெட்டில்டாவும் நானும் நர்சிங் முடித்தவர்கள். தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் ராஜதுரை சாரிடம் ஜெர்மன் படித்தோம். பி-டூ நிலைப் பரீட்சையில் எல்லாப் பகுதியும் தேறினால் ஜெர்மனியில் வேலை. எழுத்தில் எனக்குத் தொண்ணூறு. காதால் கேட்டுப் பதில் சொல்லும் பகுதியில் இரண்டு முறை தோற்றேன். அவள் முதல் முறையே தேறிவிட்டாள். எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கு மேல் எங்களை அனுப்பும் ஏஜென்சி காத்திருக்காது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘கீழவைப்பார் பஸ்ஸிலிருந்து, காதில் இயர்போனோடு, அழகான ஒரு...’ (அழகையும் நானே தூக்கிக் கொடுக்க வேண்டுமா?)

‘எல்லாம் அதிர்ஷ்டத்தால் கிடைத்த மெட்டில்டா...’ (பொய். கதையிலும் ஓர் அளவு வேண்டும்.)

‘துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது...’ (இந்த ஊர்க் கதை என்றால் கப்பல் ஊதியே ஆக வேண்டுமா என்ன?)

ஆகவே தொடக்கம் இல்லாமலே போகிறேன்.

3

இரண்டாம் முறை தோற்றதும் வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன்.

“ஒனக்கு மட்டும் எப்படிப் பிள்ள புரியுது?”

“ஏளா, அப்பா கடலுக்குப் போனா எங்க வீட்டுல வயர்லெஸ் செட்டு ஓடிக்கிட்டே கெடக்கும். நாப்பது போட்டுக்காரவ ஒரே நேரத்துல பேசுவாவ. எல்லாத்தையுமா கேக்க முடியும்? அப்பா கொரலு வருதான்னு மட்டும் பாப்பேன். மத்தது போனாப் போகட்டும். நீ ஒவ்வொரு வார்த்தையையும் கையப் பிடிச்சி நிப்பாட்டுத. அதுக்குள்ள பேச்சு போயிருது.”

(எங்கள் வீடு ஏரல் பக்கம், வயல்காரர்கள். அப்பா வரப்பில் நின்று கூப்பிட்டால் அடுக்களைக்கே கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு யாரும் காத்திருந்ததில்லை. என் தோல்விக்கு அப்பாவின் தொண்டைதான் காரணம் என்று ஒரு வாரம் நம்பினேன்.)

4

தினமும் காலையில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் ஜெர்மனில் பேசி வாட்ஸப் குழுவில் போட வேண்டும். இது ராஜதுரை சார் வைத்த சட்டம். மெட்டில்டா தேறிய பிறகும் விடாமல் போட்டாள். அது வேறு எரிச்சல்.

அவள் பேச்சை மட்டும் பிழை பிடிப்பதற்காகவே கேட்பேன். ஒரே ஒரு பிழை போதும், எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்ட. முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. மறுபடி போடுவேன். ஏழு தடவை, பத்து தடவை. பஸ்ஸில் கேட்டேன், துணி துவைக்கும்போது கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னாலேயே, மூக்கால் இழுத்து, அதே மாதிரி பேசிக் கேலி செய்தேன்.

“யக்கா, ஒன்னப் பேய் கீய் பிடிச்சிருக்கா?” என்றாள் தங்கை முருகேஸ்வரி.

“ஆமா, கீழவைப்பார்ப் பேய்” என்றேன்.

நான்கு மாதம் இப்படியே போனது.

5

இன்று காலை பிழை கிடைத்தது. பதினான்காம் தேதி, வியாழக்கிழமை விமானம் என்றாள். பதினான்கு வெள்ளிக்கிழமை. துள்ளிக்கொண்டு எழுந்தேன். குழுவில் போடப் போனேன். மற்றவர்கள் வழக்கம்போல் கைதட்டும் படங்கள் போட்டிருந்தார்கள். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது. இதை நான் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். நிறுத்தவில்லை, எழுதிப் பார்க்கவில்லை, இருந்தும் புரிந்திருக்கிறது. இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பேச்சில் எங்கேயோ ‘பேச்சிச்செல்வி’ என்று என் பெயர் போயிருந்தது. பிழையைப் பிடிக்கிற அவசரத்தில் அதை விட்டிருக்கிறேன்.

மறுபடி போட்டேன். அங்கே ஓர் அறை பார்த்திருக்கிறாளாம். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஒரு கட்டில் பேச்சிச்செல்விக்கு, அவள் கண்டிப்பாக வருவாள் என்று வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதிலுமா அவள் என்னைவிட நல்லவளாக இருக்க வேண்டும்?

6

முடிவுகள்:

அ) பிழையைக் குழுவில் போட்டேன், எல்லோரும்... (வேண்டாம்.)

ஆ) ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். (நான் அழவில்லை.)

இ) தேறிவிட்டேன். இப்போது ஜெர்மனியில்... (பரீட்சை நாளை மறுநாள்தான்.)

உண்மையில் நடந்துகொண்டிருப்பது இது. அவளுக்கு மட்டும் தனியாகப் பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன், ஜெர்மனில். தேதியைச் சரிபார் என்று சொன்னேன். நான்கு மாதமாக எதற்காக அவள் குரலைக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். தமிழில் என்றால் வாய் வந்திருக்காது. பேசி முடித்தும் வலது கட்டைவிரல் மைக் பொத்தானிலேயே இருக்கிறது. இந்த வரிகளை இடது கையால் கிறுக்குகிறேன். விரலை எடுத்தால் அவளுக்குப் போய்விடும். ஓரமாக இழுத்தால் அழிந்துவிடும். எதைச் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்கு விரல் வலிக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்று அவள் சொல்லவே இல்லை.