பேர் சொல்லாத வீடு

சஃப்ரீன் தன் மகனை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் மாமனாரின் பேரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள்: கரீம் பாட்சா. மாமனார் பேரை மருமகள் சொல்லலாமா? மாமியார் நஜ்முன்னிசா புருஷன் பேரைச் சொல்வாரா? கணவன் ஷகீல்தான் பெற்றவர் பேரைச் சொல்லி அதட்டுவானா? ஆக, அந்தப் பேர் ஆதார் கார்டுக்கு மட்டும்தான் உதவியது. வீட்டில் பிள்ளை எல்லோருக்கும் 'வாப்பா', அதாவது அப்பா. ஊரில் பாதிப் பேர் விட்டுவிட்ட வழக்கத்தை தாராவியில் வந்து இவர்கள் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாப்பாவுக்கு இரண்டரை வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. பெற்றவளை உம்மா என்றுகூடச் சொன்னதில்லை. ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும், ஷகீலும் அப்படித்தான் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பூமாரிதான் போனில் ஒரு இந்தி வீடியோவைக் காட்டினாள். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டுமாம். திரும்பாத பிள்ளை யாரோடும் ஒட்டாமல் தனக்குள்ளேயே இருந்துவிடக்கூடுமாம், ஆட்டிசமாம்.

குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நடந்தான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நிம்மதியாக இருந்தவள் சஃப்ரீன். கழுத்தைத் திருப்புவதற்கும் ஒரு வயசு உண்டென்று ஒருத்தரும் சொல்லவில்லையே! அன்றிலிருந்து அடுப்படியில் நடமாடிக்கொண்டே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். சில சமயம் திரும்பினான், அவளுக்கு உயிர் வந்தது. சில சமயம் திரும்பவில்லை, சோறு இறங்கவில்லை. போகப் போக, கூப்பிடவே பயந்தாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தாள்.

செம்பூரில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டர் பானுமதியிடம் போன அன்று, ஷகீல் சரக்கு போட உல்லாஸ்நகர் போயிருந்தான். தோல் பை பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரே துணைக்கு வந்து, அறை மூலையில் தொப்பியைச் சரிசெய்தபடி உட்கார்ந்தார். சுவரில் ஒரு படம். தவழும் குழந்தை, பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளை, மாலை போட்ட ஜோடி, கைத்தடி ஊன்றிய கிழம் என்று மனுஷ ஆயுள் முழுவதையும் வரிசையாக வரைந்திருந்தார்கள். மாலைக்கும் கைத்தடிக்கும் நடுவில், நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கும் மருமகளை வரைய யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். டாக்டர் அவனுக்குப் பின்னால் போய் நின்று, "கரீம்" என்று கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். டாக்டரின் முகம் மாறுவதைச் சஃப்ரீன் பார்த்தாள்.

சட்டென்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் சிரிப்பே வந்துவிட்டது. அது அவன் பேரே இல்லையே! வீட்டில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று காரணத்தோடு மளமளவென்று சொன்னாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

"அப்படியா சமாச்சாரம்? சரி, வீட்டுல எப்படிக் கூப்பிடுவேளோ அப்படியே கூப்பிடுங்கோ. பின்னாடி நில்லுங்கோ. நடக்கப்படாது, தட்டப்படாது."

சஃப்ரீன் பின்னால் போய் நின்றாள். அப்போதுதான் பயம் முழுசாக வந்து பிடித்தது. இவ்வளவு நேரம் தப்பு பேர் மேல் இருந்தது. இனி யார் மேல் போடுவது?

"வாப்பா" என்றாள்.

அவன் ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டையை வைத்தான்.

"வாப்பா. வாப்பா." மூலையிலிருந்து மாமனார் எழுந்தார். அவர் முகமும் வெளிறியிருந்தது.

"பேரைச் சொல்லியே சத்தமா கூப்பிடு, தாயி. என்னைய பாக்காத."

அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து சொல்லாத பேரை, அந்த மனுஷர் கண்ணெதிரேயே, தொண்டை கிழியச் சொன்னாள்.

"கரீம் பாட்சா!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை மூன்றாவது கட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வீடு மாடியிலா, பலகைத் தளமா என்று கேட்டார். ஆமாம், பட்டறைக்கு மேலே பலகை அடித்த அறை என்றார் மாமனார்.

"அப்போ நீங்க நடக்கற அதிர்வுலதான் திரும்பியிருக்கான். அவன் தனக்குள்ள இருக்கற பிள்ளை மாதிரி எனக்குத் தோணலை. காதுதான் கேக்கலைன்னு நினைக்கறேன். டெஸ்ட் பண்ணணும். முன்னாடி போய் உக்காருங்கோ."

சஃப்ரீன் சுற்றிப் போய் அவன் முன்னே உட்கார்ந்தாள். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்து, கட்டையை எடுத்து நீட்டினான். நீட்டிவிட்டு, எப்போதும்போல அவள் வாயையே பார்த்தான். இத்தனை நாளும் அவன் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தாலாட்டு, அதட்டல், கதை எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. உதட்டசைவு மட்டும்தான் சேர்ந்திருக்கிறது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வாய் கோணிப்போகும். கோணினால் அவனுக்குப் புரியாது. சஃப்ரீன் அழுகையை விழுங்கி, உதட்டை நேராக்கிக்கொண்டு, மெல்ல வாயைத் திறந்து 'வாப்பா' என்றாள்.

அவன் எழுந்து வந்தான்.