டீச்சருக்குக் காற்று பிரியவில்லை

என் அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் ஏப்பம் விடுவதென்றால்கூடக் கொல்லைப்பக்கம் போய்த்தான் விட வேண்டும். அப்படிப்பட்டவரின் குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மிச்சத்தைத் தைத்த பிறகு, ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "காத்து பிரிஞ்சுதா?"

நர்ஸ் கேட்டார். தரை துடைக்க வந்தவர் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன்கூடக் கேட்டார். அந்த ஆளுக்கு இதில் என்ன அக்கறை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா யாருக்கும் பதில் சொல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

குடல் மறுபடி வேலையை ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அதுவரை ஒரு மடக்குத் தண்ணீருக்கு மேல் எதுவும் கிடையாது. வயதும் சர்க்கரையும் ஒரு பக்கம் இழுக்கும், வலிக்குப் போடும் ஊசி வேறு குடலைத் தூங்கவைக்கும், அதனால் எழுந்து நடந்தே ஆகணும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். அம்மா மசியவில்லை. ஆஸ்பத்திரி அங்கி முதுகுப்பக்கம் திறந்து கிடந்ததுதான் காரணம்.

"காலம் பூரா பசங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போர்டுல எழுதினவ நான். ஒருத்தன் சிரிச்சதில்ல. இப்ப ஊரே சிரிக்கணுமா?"

வயிறு உப்பிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் காலை சர்ஜன் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் டீச்சர். இல்லேன்னா மூக்கு வழியா குழாய் விடணும், ஸ்கேன் எடுக்கணும். உள்ளே தையல் எங்கயாவது விட்டிருந்தா மறுபடியும் திறக்க வேண்டி வரும்."

இன்னொரு தடவை திறந்தால் அம்மா தாங்கமாட்டார். சர்ஜன் நகர்ந்ததும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன்.

"உண்மையைச் சொல்லும்மா. வரவே இல்லையா?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "வருது. அடக்கிக்கிறேன்."

"என்னது?"

"மெதுவா பேசு. அந்த டாக்டர் எங்கிட்ட ஏழாவது படிச்சவன். ஒரு நாள் கிளாஸ்ல இதே காரியத்தைப் பண்ணினான். யாருன்னு கேட்டேன், எந்திரிச்சு நின்னான். பீரியட் முடியற வரைக்கும் வெளியே நிக்க வெச்சேன். இப்ப அவன் வந்து எங்கிட்ட, போச்சா டீச்சர்ங்கிறான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் போச்சுன்னு சொல்றது?"

வயிற்றில் தையல் மட்டும் இல்லாதிருந்தால் அம்மாவைப் பிடித்து உலுக்கியிருப்பேன். உயிருக்கே உலை வைக்கிற விஷயத்தில் இவருக்குக் கௌரவம் கேட்கிறது.

"போற மானம் போகட்டும்மா. நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா?" என்றேன். அம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு காலைக் கீழே தொங்கவிட்டார்.

வராந்தாவில் நடந்தோம். ஒரு கையால் குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய கம்பியை அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே அங்கியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சர்ச் கல்யாணத்தில் பெண்ணின் அங்கியைத் தூக்கிவரும் தோழி மாதிரி நடந்தேன். நர்ஸுகளின் மேஜைக்குப் பக்கத்தில் வரும்போது எதிரே சர்ஜன், கூடவே நாலைந்து பயிற்சி டாக்டர்கள். அம்மா சட்டென்று நின்று உடம்பை இறுக்கினார். ஆனால் குடல் அவர் சொல்பேச்சைக் கேட்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தது.

சத்தம் நீளமாக, கூச்சநாச்சமில்லாமல் வந்தது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பழக்க தோஷத்தில் அம்மாவும் விருட்டென்று தலையைத் திருப்பி, கண்ணை உருட்டி, "யாரது?" என்று அதட்டிவிட்டார்.

சர்ஜன் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் டீச்சர்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொல்லாதே," என்றார். "நான்தான்."