வாகமண் ஏற்றத்தில் வந்த போன்

சாலோமிக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்டது. கார் வளைவில் திரும்பும்போது முன்சக்கரத்துப் பக்கமிருந்து, யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல 'டக்'கென்று வரும். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடு தேடிப் போய்ப் புண் கழுவிக் கட்டுகிற நர்ஸ் அவள். பஸ் ஏறாத மலை வீடுகளுக்கு அந்தப் பழைய கார்தான் கதி.

ஈராட்டுப்பேட்டையில் மூன்று பட்டறை ஏறியாயிற்று. ஒருவன் ஷாக் அப்சார்பரை மாற்றினான். அடுத்தவன், "யார் சேச்சி இதுல கைவச்ச மடையன்?" என்று முந்தினவனைத் திட்டிவிட்டு ஸ்டியரிங்கைக் கழற்றினான். மூன்றாமவனோ சத்தமே இல்லை என்று சாதித்தான்.

"வித்துத் தொலையேன்டீ. வண்டிச் சத்தத்தைவிட உன் புலம்பல் பெரிசா இருக்கு" என்றான் கணவன் வர்க்கி.

"நீங்களுந்தான் குறட்டை விடுறீங்க. உங்கள வித்தேனா?"

நாலாவதாக ஷுக்கூரிடம் போனாள். ஆற்றோரத் தகரக் கொட்டகை அவனுடையது. "நீங்க ஓட்டுங்க சிஸ்டரே, நான் கேக்குறேன்" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் புஷ் ஒன்றை எடுத்து, "இதான் உங்க சத்தம்" என்று அவள் கையில் வைத்தான்.

மறுநாள் காலை கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தவள் நேரே வாகமண் மலையேறினாள். சத்தம் இல்லை. இருந்தும் மனசு அடங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினாள். பாதி ஏற்றத்தில் போன் அடித்தது.

"சிஸ்டரே, வண்டிய ஓரங்கட்டுங்க. இப்பவே!" ஷுக்கூரின் குரல் பதறியது.

"என்னாச்சு?"

"சக்கரம் மாட்டும்போது ஒரு லாரிக்காரன் கூப்பிட்டான், எழுந்து போயிட்டேன். நட்டை முழுசா இறுக்கினேனான்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நகராதீங்க, வந்துட்டேன்."

ஓரங்கட்டி இறங்கினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். நட்டைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. மேலே குஞ்ஞேப்பு கிழவர் புண்ணோடு காத்திருப்பார். நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். பயம் கோபமாய்த் திரண்டது.

ஷுக்கூர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவள் சாலையோரத் தடுப்புச் சுவர் மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பேசாமல் இறுக்கிவிட்டுப் போயிருந்தால், எதுவும் தளர்ந்திருந்ததா என்று அவளுக்குத் தெரிந்திராது.

"இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். மூன்று நட்டு அசையவில்லை. நாலாவது, ஸ்பானரோடு ஒரு சுற்று சுற்றிய பிறகே பிடித்தது. "இது என் தப்பு."

"நான் பள்ளத்துல கிடந்திருந்தா? வந்து என் பொணத்துக்கிட்ட தப்புன்னு சொல்லுவியா?" வாயில் வந்ததெல்லாம் கத்தினாள். அவன் ஒரு சாக்கும் சொல்லாமல் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் தெரிந்ததும் வர்க்கி குதித்தான். "இனிமே அந்த ஆள் வாசலை மிதிக்காதே!"

"இனிமே அவன்கிட்ட மட்டும்தான்."

"பைத்தியமாடீ உனக்கு?"

"மத்தவனுங்க என்னத்த மறந்தானுங்களோ, யார் கண்டா? ஒருத்தனும் போன் பண்ணலையே."

மழைக்காலத்துக்கு முன் பிரேக் வேலைக்குக் காரை ஷுக்கூரிடமே விட்டாள். வண்டி எடுக்கும்போது ஸ்பானரைக் கேட்டு வாங்கி, குனிந்து, முன்சக்கரத்தில் ஒவ்வொரு நட்டாகத் தானே இழுத்துப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கவில்லை.

"பின்சக்கரத்தையும் பார்த்துடுங்க சிஸ்டரே" என்றான்.