அமோஸுக்குத் தெரிந்த மரம்

டெல்லா கிங்ஃபிஷர் தரை துடைக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவாள். கோட்-டெ-நெய்ஜில் அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் எல்லாருக்கும் இது தெரியும். செபம் சொல்கிறாள் என்று தாதிமார் நினைத்தார்கள். உண்மையில் அவள் கண்ணில் பட்டதையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு போனாள். கதவு, வாளி, தண்ணீர், செருப்பு, இருமுகிற கிழவர். எல்லாம் அவளுடைய தாய்மொழியில், செரோக்கி என்ற செவ்விந்திய மொழியில். கணவன் வெஸ்லி செத்த பிறகு இந்த எட்டு வருடத்தில், அந்த மொழியில் அவளோடு ஒரு வார்த்தை பேச மொன்றியலில் ஒரு குருவி கிடையாது. பேசாவிட்டால் நாக்கு மரத்துப்போகும் என்ற பயத்தில் வாளியோடும் கதவோடும் பேசிக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள்.

ஊர்க்காரர்களுக்கு அவள் மொஹாக், வேறொரு செவ்விந்திய இனம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காஹ்னவாகேயில் இருக்கிற சனம் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டுக் கோடையில் நிலத் தகராறில் மொஹாக் சனம் பாலத்தை மறித்தபோது, பஸ்ஸில் அவளைப் பார்த்து முறைத்தவர்களுக்கு அவள் என்ன சொல்லி விளங்கவைப்பது? ஒருமுறை காஹ்னவாகேக்கும் போய்ப் பார்த்தாள். நல்ல மரியாதை. சோளச் சூப் கொடுத்தார்கள். அவர்கள் பேச்சு மதிலுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் பேசுவதுபோல, தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் கேட்டது. திரும்பி வரும்போது போனதைவிடத் தனியாக வந்தாள்.

அவள் முணுமுணுப்பைச் செபம் என்று நம்பாத ஒரே ஆள் சிவநேசம். யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பது வயது, அதே மாடியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். டெல்லா இருந்த கட்டடத்திலேயே ஒரு மாடி கீழே அவள் வீடு. மேற்பார்வையாளர் இரண்டு பேரையும் சேர்த்து "இந்தியப் பெண்கள்" என்பார். இருவரில் ஒருத்திகூட இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆஸ்பத்திரியில் பொறுக்கிய இங்கிலீஷும் கொஞ்சம் பிரெஞ்சும்தான். அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"டெல்லா அக்கா, நீங்கள் சுவாமி கும்பிடேல்லை. ஆரோடயோ கதைக்கிறியள்."

"வாளியோட."

"நல்லது. வாளி எதிர்த்துக் கதைக்காது."

அன்றிலிருந்து சிநேகிதம். டெல்லா தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பிறந்தது ஒக்லஹோமாவின் கிழக்கு மூலையில், ஓடையும் காடுமான இடத்தில். அவளுடைய சனத்துக்கு அதுவும் சொந்த நிலமில்லை. கிழக்கு மலைகளில் இருந்தவர்களை நூற்றைம்பது வருடங்களுக்கு முன் படையை வைத்துத் துரத்தி, குளிரில் நடக்கவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களை வழியிலேயே சாகக் கொடுத்துக் கொண்டுவந்து விட்ட இடம். வந்தவர்கள் மொழியையும் எழுத்தையும் சமையலையும் வழியில் போட்டுவிட்டு வரவில்லை. அடுப்பு நெருப்பைக்கூட அணையவிடாமல் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள்.

"நடந்தோ?" என்று கேட்டுவிட்டுச் சிவநேசம் தலையணை உறையை மடித்து வைத்தாள். "எங்கட சனமும் போன வருஷம் ஐப்பசியில யாழ்ப்பாணத்தை விட்டு அப்பிடித்தான் நடந்தது. மழைக்குள்ள. அம்மாவும்."

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. உறைக்குள் ஒரே ஒரு தாள். செரோக்கி எழுத்தில் நாலு வரி. எழுதியவள் டெல்லாவின் அக்கா லொரீன். நவம்பர் நடுவில் பஸ்ஸில் வருகிறேன், மூன்று நாள் நிற்பேன், உன்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அன்பு என்றோ, சுகமா என்றோ ஒரு சொல் இல்லை. டெல்லா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் பார்த்து இருபத்தெட்டு வருடம். வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் எடுத்த காலம். வெஸ்லிக்குக் கடிதம் வந்ததும் அவன் போகமாட்டேன் என்றான். இரண்டு பேரும் இரவோடு இரவாகக் கனடாவுக்கு ஓடிவந்தார்கள். அவளுடைய அண்ணன் அமோஸுக்கும் கடிதம் வந்தது. அவன் போனான். மூன்றாம் மாதம் பெட்டியில் திரும்பினான். டெல்லா தொலைபேசியில் கூப்பிட்டபோது லொரீன் எடுத்து, "உன்ர ஆள் உயிரோட இருக்கிறானோ?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஓடிப்போனவர்களுக்கு அரசாங்க மன்னிப்பு வந்தது. ஊர்ப்பக்கம் போயிருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்று இருந்ததிலேயே வருடங்கள் போய்விட்டன. எண்பத்து மூன்றில் அம்மா இறந்த செய்தியும் அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள்தான் கடிதத்தில் வந்தது.

ஆகவே லொரீன் வருவது விருந்துக்கல்ல என்று டெல்லாவுக்குத் தெரியும். தன்னை இன்னும் அந்த வீட்டுப் பிள்ளையாகக் கணக்கில் வைத்திருக்கிறார்களா, இல்லையா? அதைத்தான் அக்கா சொல்ல வருகிறாள். என்ன சொன்னாலும் சரி, சொல்வதற்கு முன் அவள் முன்னால் ஒரு கிண்ணம் கனூச்சி வைத்துவிட வேண்டும் என்று டெல்லா நினைத்தாள். பார், நான் ஒன்றையும் விட்டுவிடவில்லை என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கிண்ணம் சொல்லட்டும்.

கனூச்சி என்பது ஹிக்கரி என்ற காட்டு மரத்தின் கொட்டையில் செய்வது. கொட்டையைக் காயவைத்து, உடைத்து, ஓட்டோடு பருப்போடு இடித்தால் எண்ணெய் விட்டு உருண்டையாகும். அந்த உருண்டையைக் கொதிநீரில் கரைத்து, ஓட்டுத் துகள் போக வடித்தால் பால்போல வரும். சர்க்கரை போட்டு, சோற்றின்மேலோ அவித்த சோளத்தின்மேலோ ஊற்றிச் சாப்பிடுவார்கள். அவர்கள் வீட்டில் இலையுதிர் காலம் வந்தால் ஆளுக்கொரு வேலை. அமோஸ் சாக்கோடு காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வருவான். லொரீன் உடைப்பாள். அம்மா இடித்து வடிப்பாள். டெல்லா கடைக்குட்டி. அவள் வேலை மேசையில் கிண்ணம் எடுத்து வைப்பது. அமோஸ் எந்த மரத்தடியில் பொறுக்குகிறான் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நகரத்தின் நடுவிலேயே மலை இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்லா மலையில் ஏறினாள். பாதையோரம் ஒரு மரம். இலையைப் பார்த்ததும் ஹிக்கரி என்று கண்டுகொண்டாள். கீழே கொட்டைகள் சிதறிக் கிடந்தன. வெஸ்லியோடு இந்த வழியால் எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாகக் கோட்டுப் பை இரண்டும் நிறையப் பொறுக்கினாள். மறுநாளும் போய்ப் பொறுக்கினாள். ஹீட்டருக்குமேல் பழைய பத்திரிகையில் பரப்பி ஒரு மாதத்துக்குமேல் காயவைத்தாள். காலையில் எழுந்ததும் போய் அவற்றைக் கையால் அளைந்துவிட்டுத்தான் முகம் கழுவுவாள்.

லொரீன் வருவதற்கு முதல்நாள், சிவநேசம் தன் இரும்பு உரலையும் உலக்கையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். அவளுக்குக் கந்தசஷ்டி விரதம், நாலாம் நாள். பாலும் பழமும்தான் ஆகாரம். ஆனாலும் உலக்கை பிடித்த கை சும்மா இருக்குமா? உரலுக்குக் கீழே கம்பளியை மடித்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மாறிமாறி இடித்தார்கள். கம்பளி போட்டும் சத்தம் அடங்கவில்லை. கட்டடக் காவலாளி வந்து கதவைத் தட்டி, சுவரை உடைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

உருண்டையைக் கரைத்து வடித்தபோது சிவநேசம் எட்டிப் பார்த்தாள். "உது எங்கட தேங்காய்ப்பால் மாதிரியெல்லோ இருக்கு! நல்ல வாசம்."

டெல்லா கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். சிவநேசம் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"ஐயோ அக்கா, என்ன செய்யிறியள்? ஆருக்கெண்டு செய்யிறது?"

"லொரீனுக்கு."

"அப்ப படைக்கமுந்தி வாயில வைக்கக்கூடாது. நாங்கள் சுவாமிக்குச் சமைச்சால் உப்புக்கூடப் பாக்கிறேல்லை. மனசறிஞ்சு செய்தால் சரியா வரும்."

டெல்லாவின் சனத்தில் அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது. அவளுடைய அம்மா சமைக்கும்போதே பாதிப் பானையை ருசி பார்த்துவிடுவாள். ஆனாலும் சிவநேசம் சொன்னது டெல்லாவுக்குப் பிடித்திருந்தது. முதல் வாய் அக்காவுக்கே போகட்டும். அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள். விரதக்காரி வாயில் வைக்கமுடியாது, மற்றவள் வைக்கவில்லை. இப்படி இரண்டு சமையல்காரிகள் சேர்ந்து, ஒரு சொட்டு ருசி பார்க்காமல் ஒரு பானையை இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் காலை பெரி வீதிப் பஸ் நிலையத்தில் லொரீன் இறங்கினாள். விமானத்துக்குப் பயந்து மூன்று நாள் பஸ்ஸில் வந்தவள். கால் வீங்கி, முடி முழுக்க நரைத்து, அம்மாவே இறங்குவதுபோல இருந்தது.

"ஓசியோ" என்றாள் டெல்லா. வணக்கம் என்று அர்த்தம்.

"ஓசியோ" என்றாள் லொரீன். கட்டிப்பிடிக்கவில்லை. மெட்ரோவில் அவள் கேட்டதற்கெல்லாம் டெல்லா தங்கள் மொழியிலேயே பதில் சொன்னாள். மூன்று நிலையம் கழித்து லொரீன் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்ர பேச்சு அப்பிடியே இருக்கு. நான் சேர்ச்சில படிப்பிக்கிற பிள்ளையள் பத்துவரை எண்ணிப்போட்டு இங்கிலீசுக்குப் போயிடுங்கள்."

டெல்லாவுக்கு அது போதும்போல இருந்தது. ஆனால் லொரீன் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வீட்டில் மேசையில் இரண்டு கிண்ணம். சோற்றின்மேல் கனூச்சியைச் சூடாக ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தாள். லொரீன் அதைப் பார்த்தாள். டெல்லாவைப் பார்த்தாள். "எங்கால?" என்று கேட்டாள்.

"இஞ்ச மலையில. நானே பொறுக்கினது."

லொரீன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். ஒரு கணம் அவள் தாடை அசையவில்லை. பிறகு விழுங்கினாள். அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. குனிந்த தலை நிமிராமல் கிண்ணத்தின் அடி தெரியும்வரை சாப்பிட்டாள். டெல்லா சந்தோஷத்தில் தன் கிண்ணத்தைத் தொடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் அவளுக்கு இவ்வளவு நிறைவாக ஒரு நேரம் இருந்ததில்லை.

பிறகுதான் அவள் தன் கரண்டியை வாயில் வைத்தாள்.

கசப்பு. வேப்பங்கொட்டையை மென்றதுபோல நாக்கின் அடிவரை இழுத்துப் பிடித்த கசப்பு. சர்க்கரை எங்கே போனதென்றே தெரியவில்லை. துப்ப மனமில்லாமல் ஒருவாறு விழுங்கினாள்.

"அக்கா! இதையோ முழுக்கச் சாப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?" டெல்லாவின் கண்ணிலிருந்து கொட்டியது. "ஒண்டையும் விடேல்லை எண்டு காட்டத்தான் செய்தன். மரத்தைக்கூட எனக்குத் தெரியேல்லை. நான் எல்லாத்தையும் துலைச்சுப்போட்டன்."

"உனக்கு எப்பவடி மரம் தெரிஞ்சது?" என்றாள் லொரீன். "ஹிக்கரியில கசக்கிற இனமும் ஒண்டு இருக்கு. இலை எல்லாம் ஒரே மாதிரித்தான். எங்கட வீட்டில நல்ல மரத்தைத் தெரிஞ்சவன் அமோஸ் ஒருத்தன்தான்."

அவள் கிண்ணத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். "அவன் செத்த வருஷம் அம்மா தானே சாக்கை எடுத்துக்கொண்டு போனவ. கசப்பு மரத்துக் கொட்டையைத்தான் பொறுக்கிக்கொண்டு வந்தவ. தெரியாமல் பொறுக்கினவவோ, தெரிஞ்சுதான் பொறுக்கினவவோ, எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. அப்பா, அம்மா, நான், மூண்டு பேரும் இருந்து குடிச்சம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

டெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூண்டு பேர் இருந்த மேசையில நாலு கிண்ணம். அமோஸுக்காக்கும் எண்டு நினைச்சு நான் எடுக்கப் போனன். அம்மா என்ர கையைத் தட்டிவிட்டா. 'அவனுக்கு இனிப் பசிக்காது. இது டெல்லாவின்ர' எண்டவ. விடிய எழும்பிப் பாத்தால் ஆடை பிடிச்சு அப்பிடியே கிடக்கு."

"எனக்கு ஏன் எழுதேல்லை?"

"எரிச்சல்" என்றாள் லொரீன், ஒளிக்காமல். "அமோஸ் மண்ணுக்குள்ள. நீ புருஷனோட இஞ்ச. உனக்கும் ஒரு கிண்ணமோ எண்டு எரிச்சல். அம்மா சாகும்வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் வைச்சவ. நான்தான் அதை உனக்குச் சொல்லாமல் ஒளிச்சுப்போட்டன். அதைச் சொல்லத்தான் இந்தக் காலையும் இழுத்துக்கொண்டு வந்தனான்."

மன்னிப்புக் கேட்கிற சொல் எதையும் அவள் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பானையை அடுப்பிலிருந்து தூக்கிவந்து, டெல்லாவின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். "குடி. உன்ர பங்கு."

டெல்லா இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். கசப்பு இறங்க இறங்கக் கண்ணீரும் கூடவே இறங்கியது. நடுவில் மூச்சு வாங்கினாள். வைக்கவில்லை. குடித்து முடித்து வெறுங்கிண்ணத்தை மேசையில் வைத்தபோது, லொரீன் அதைத் தன் பக்கம் இழுத்து, அடியில் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று அம்மா பார்ப்பதுபோலவே சரித்துப் பார்த்தாள்.