வழியில் இறங்கிவிடும் பயோடேட்டா

சாரக்குளத்தில் இண்டர்வியூவுக்கு ஆள் போகிற வழக்கம் இல்லை, பயோடேட்டாதான் போகும். காலையில் அதற்கு இஸ்திரி போட்டு, டவுன் பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட்டும் எடுத்து விட்டுவிட்டால், ஆள் வீட்டில் உட்கார்ந்து உளுந்து ஊறப்போடலாம். ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. மூன்று பக்கம் உள்ளவை படிக்கட்டிலேயே மூச்சு வாங்கும். கடைசிப் பக்கம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும். லேமினேஷன் போட்டால் பாவம், உள்ளே வியர்த்துக்கொட்டும்.

உலகம்மாளின் பயோடேட்டா எத்தனை தடவை அனுப்பியும் போய்ச் சேரவில்லை. சாயங்காலம் சட்டமாகத் திரும்பி வரும்; எங்கே போனாய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இந்த வேலையை வாங்கியே தீருவது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு தின்னும் சோறு அவளுக்கு ருசித்து ரொம்ப நாளாகியிருந்தது.

முதல் காரியமாகக் கண்டக்டர் அந்தோணியைப் பிடித்தாள்.

"அதுவா? தபாலாபீஸ் ஸ்டாப்புல இறங்கிருதுக்கா. ஜன்னலோரம் நின்னு ஸ்டாம்பு பாக்குது. உங்களுது மட்டுமில்ல, ஊர்ல பாதி அங்கதான் நிக்கி."

நேரே டைப்பிங் கடை பூதத்தானிடம் போனாள். ஊருக்கே பயோடேட்டா அடித்துத் தருகிறவர் அவர். யார் வந்தாலும் சரி, பொழுதுபோக்கு என்ற இடத்தில் கேட்காமலே 'தபால்தலை சேகரித்தல்' என்று அடித்துவிடுவார். கை அப்படிப் பழகிவிட்டது.

"அந்த வரிய எடுங்க அண்ணாச்சி."

"எடுத்தா சடைஞ்சுபோயி சீட்லயே தூங்கிரும் தாயி. செல்லையா மவனோடது அப்படித்தான் தூங்கி டெப்போவுக்கே போயிட்டு. ஏதாவது ஒண்ணு வேணும்."

உலகம்மாள் யோசித்தாள். "அப்ப, இண்டர்வியூவுக்குப் போறதுன்னு போடுங்க."

பூதத்தான் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்தார். பிறகு தாளின் நடுவில் விரலை வைத்தார். அங்கே, அவள் வேலை பார்க்காத மூன்று வருஷத்தில், ஒரு ஓட்டை இருந்தது. விரல் மறுபக்கம் எட்டிப்பார்த்தது.

"இத அடச்சிருவமா? ஏங் கடையில வேல பாத்தேன்னு போடுதேன்."

"அது எங்கம்மா படுத்துக் கெடந்த மூணு வருசம். அப்படியே இருக்கட்டும்."

"காத்தடிக்குமே!"

"அடிக்கட்டும்."

அடித்தது. அது ஆடி மாசம். ஐஸ் ஃபேக்டரி வாசலில் இறங்கிய பயோடேட்டாக்களையெல்லாம் காற்று வாரிக்கொண்டுபோய் வயக்காட்டில் போட்டது. உலகம்மாளுடையது மட்டும், காற்றை ஓட்டை வழியே போகவிட்டு, லேசாகச் சீட்டியடித்தபடி உள்ளே நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தது. சாயங்காலம் வேலை உத்தரவோடு வீடு திரும்பியது.

உலகம்மாள் வேலையில் சேர்ந்தாள். கோயில் தெருவில் தனியாக ஒரு வீடு பிடித்தாள். பயோடேட்டா பாட்டுக்குத் தன் பொழுதுபோக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது: பால் சொசைட்டி, கோழிப் பண்ணை, தையல் கம்பெனி. எல்லா இடத்திலும் வா என்றார்கள். மரியாதையாக மறுத்துவிட்டு வந்தது.

ஐப்பசியில் கணக்கு வேலை கூடியது. உதவிக்கு ஒரு ஆளை அவளே கேள்வி கேட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முதலாவதாக உள்ளே வந்தது அவளுடைய பயோடேட்டா. தெரிந்த மாதிரி அதுவும் காட்டிக்கொள்ளவில்லை, அவளும் காட்டிக்கொள்ளவில்லை. கணக்கில் கேட்டாள், டக்கென்று சொன்னது.

"நடுவுல மூணு வருசம் என்ன செஞ்சே?"

"அம்மாவப் பாத்துக்கிட்டேன்."

உலகம்மாள் தலையாட்டினாள். "நாளைக்கே வந்துரு."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்துபோனது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, கேட்பதற்காக அது வாசலிலேயே காத்திருந்தது. அவள் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆபீசம்மா ஆளு எப்படி?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கறாருதான். ஆனா ஓட்டையத் தொட்டுப் பாக்கல."

உலகம்மாள் சற்று யோசித்தாள். "அப்படின்னா தைரியமாப் போ" என்றாள்.