கூரையில் பனி என்றாள்

1
இந்தக் கதை நான் திருடியது. கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அன்ரி சொன்னார்: "பனி எண்டு சொல்லாமல் ஐஸ் எண்டு சொல்லியிருந்தால் அந்தப் பெடியன் விழுந்திருக்கமாட்டான்." மிச்சத்தைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே மிச்சம் முழுக்க என் கற்பனை.

2
முதல் தொடக்கம்: ட்ருகனினாவில் அன்று காலை வானம் இடிந்து

(வேண்டாம். சுண்டங்காயளவு ஆலங்கட்டி கொட்டியது, அவ்வளவுதான்.)

கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள் ஐஸ் இறுகிவிட்டது. உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் ரஞ்சினியின் வீட்டுக்குள் இறங்கியது. அவள் தன் அண்ணன் தேவராஜாவுக்குப் போன் எடுத்தாள். கூரை வேலைதான் அவருக்குத் தொழில். தானே விரும்பித் துஷாந்தைக் கட்டினாள் என்று அவர் கலியாணத்துக்குப் போகவில்லை; இரண்டு வருசமாகப் பேச்சும் இல்லை.

3
தேவராஜா நகரின் மறுகோடியில், டண்டினோங்கில் ஒரு கூரை மேல் நின்றார். அந்தப் பக்கம் நல்ல வெயில்.

"அண்ணை, கூரையெல்லாம் பனி."

"பனியோ? வெயில் ஏறினாப் போயிடும். இதைச் சொல்லத்தானோ எடுத்தனி?"

"ஓம். சும்மாதான் எடுத்தனான்."

(இவ்வளவு கல்நெஞ்சனா? முதலில் அப்படித்தான் எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். சமாதானமாக ஒரு சாட்டுத் தேடி எடுத்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். பகிடி விட்டது சந்தோசத்தில். அன்று மத்தியானம் வரைக்கும் அவர் வாய்க்குள் பாடிக்கொண்டே ஆணி அடித்தார்.)

4
பின்னேரம் வீட்டுக்கு வந்தவருக்கு மனைவி யோகா தேத்தண்ணி கொடுக்கவில்லை.

"துஷாந்த் ஏணியால விழுந்திட்டாராம். இடுப்பெலும்பு. ஐஸ் அள்ள ஏறினவராம்."

"என்ன ஐஸ்?"

"கூரையில. காலமை உங்களுக்கு எடுத்துச் சொன்னவளாமே."

"அவள் பனி எண்டுதானே சொன்னவள்."

"வேற என்னெண்டு சொல்லுவாள்? வாயைத் திறந்தால் இங்கிலீசைக் கலக்காதை, தமிழைத் தமிழாக் கதை எண்டு அவளைச் சின்னனில இருந்து உரிச்சது ஆர்?"

அவர் உடனே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு

(இல்லை. அவர் போகவில்லை. ஆலங்கட்டி என்று ஒரு சொல் இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அவசரத்தில் அது அவளுக்கு வரவில்லை. வந்திருந்தால், என்று நினைத்தபடி உடுப்பு மாற்றாமல் குசினியிலேயே இருந்தார்.)

5
முடிவுகள்.

அ) அடுத்த நாள் போகிறார், அவள் அழுகிறாள், எல்லாம் சரியாகிறது. எனக்கே நம்பிக்கையில்லை.

ஆ) போகவே இல்லை. இதை எழுத மனம் வரவில்லை.

இ) துஷாந்த் ஆஸ்பத்திரியால் வீடு வந்தபிறகு போகிறார். வழி முழுக்க ஒரு வசனம் தேடுகிறார். "மன்னிச்சுக்கொள்" அவர் வாயில் வராது. "சாப்பிட்டனியோ" என்று கேட்கவும் முகமில்லை. ரஞ்சினி கதவைத் திறக்கிறாள். அவளுக்குப் பின்னால் முகட்டுப் பலகை பிய்ந்து தொங்குகிறது.

"துஷாந்த்..." என்று தொடங்குகிறார்.

"நித்திரை."

அவள் திரும்பி உள்ளே போகிறாள். கதவைச் சாத்தவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை. தேவராஜா வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவில் கையை வைக்கிறார்.

அவிழ்க்கிறாரா, இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்புகிறாரா? நான் மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். மூன்று தரமும் என் கை அவர் பக்கமே சாய்ந்து அவளுக்கு அநியாயம் செய்தது. உங்களுக்கு ஒரு அண்ணை இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.