சுவரில் சிரித்த புழு

என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும்.

ராமகுப்பத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள், கிராமத்துக்குச் சேவை செய்ய. அவர்களைக் கட்டி மேய்ப்பது என் உத்தியோகம். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் இருக்கிறதே, அந்தப் பாவம். இரண்டாயிரத்து நாலில் ஆறு பேர் வந்தார்கள், மூன்று வாரத்துக்கு. மண்வெட்டி பிடித்தால் அரை மணியில் கை கொப்புளம். வெயிலில் நின்றால் தலைசுற்றல். போன வருஷத்துக் கூட்டம் வெட்டிய எருக்குழியை நானே ஆள் வைத்து மூடி, இவர்களுக்கு மறுபடி வெட்டக் கொடுத்தேன். இந்த அநியாயம் உலகத்தில் எங்கேயாவது உண்டா?

ஹானா என்ற பெண் மட்டும் உண்மையாகவே நல்லவள். அதுதான் கூடுதல் எரிச்சல். தினமும் காலையில் வந்து நிற்பாள்: "கிரேஸ், நாங்கள் வந்ததற்கு அடையாளமாக இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே?" ஐயோ, செய்யாமலிருந்தால் போதாதா தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் சிரித்து வைப்பேன்.

அடுத்த தெரு யமுனா பட்டுப்புழு வளர்ப்பவள். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கரில் புழுவுக்குத் தழையாக மல்பெரி போட்டு, வளர்க்க ஷெட்டு கட்டியிருந்தாள். புருஷன் பெங்களூரில் வேறு குடும்பம் பண்ணிக்கொண்டு போய்விட்டான். ஐந்து வயதில் மகள் பிரியங்கா. முந்தைய இரண்டு வளர்ப்பும் நோயில் போக, மனசு விட்டு, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போவதென்று திருப்பதி ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள். விசாவும் வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து மூன்றாவது வளர்ப்பு பிரமாதமாக வந்தது. புழு ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று. பத்து நாளில் கூடு கட்டிவிடும்.

"இந்தத் தபா கூடு கட்டிச்சின்னா நான் எங்கியும் போவலக்கா. புள்ளைய வுட்டுட்டு ரெண்டு வருசம் எவ வூட்டு ஏனத்த கழுவறது?" என்றாள்.

பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது. ஊதுபத்திப் புகை பட்டாலே போய்விடும். பவுடர் போட்டவளை யமுனா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். இந்த ஆறு பேரும் கொசு மருந்தில் குளிக்கிறவர்கள் என்பதால் ஷெட்டைத் தெருவிலிருந்து காட்டியதோடு சரி, கிட்டே நான் அழைத்துப் போகவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று சோம்பல்.

கடைசியாகத் தோல் உரிக்கும் முன் புழு ஒரு நாள் முழுக்கத் தழை தின்னாமல் தூங்கும். அந்த ஒரு நாள்தான் யமுனாவால் ஷெட்டை விட்டு நகர முடியும். ஷெட்டை அம்மாவிடம் விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க என்னையும் துணைக்கு அழைத்தாள். விடியற்காலை பஸ்ஸில் ஒரு கால் வைத்திருக்கிறேன், ஹானா ஓடி வருகிறாள். "நாளைக்குக் கிளம்புகிறோம். இன்றைக்கு என்ன செய்யட்டும், கிரேஸ்?"

டிரைவர் ஹாரனை விடவேயில்லை. மூன்று வாரத்து எரிச்சலும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. "எதையாவது செய்யுங்கள்! உங்களுக்கு எது தோன்றுகிறதோ, அதைச் செய்து தொலையுங்கள்!" என்று இங்கிலீஷில் கத்திவிட்டு ஏறிவிட்டேன்.

திருப்பதியில் ஏஜெண்ட் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டான். "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் விசா வேற பொம்பளைக்கு," என்றான். யமுனா சிரித்தாள். பிரியங்காவுக்கு வளையல் வாங்கினாள். பலமனேர் தாண்டும்வரை கூடு விற்ற பிறகு என்னென்ன செய்வதென்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இறங்கினோம். தெரு முனையிலேயே பெயிண்ட் வாடை. யமுனா ஓட ஆரம்பித்தாள்.

ஷெட்டின் சுவர், கதவு, ஜன்னல், உள்ளே வெளியே எல்லாம் பளபளவென்று நீலப் பெயிண்ட். வாசலுக்குப் பக்கத்தில் பெரிய பச்சைப் புழு ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆறு பேரும் கையெல்லாம் நீலமாக நின்று கைதட்டி எங்களை வரவேற்றார்கள்.

உள்ளே தட்டுகளில் புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினோம். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே அந்த ஆறு பேரும் தூக்கினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை, ஒரு புழுகூடப் பிழைக்கவில்லை.

யமுனாவின் அம்மா சென்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பெயிண்ட் டப்பாவோட வந்து கிரேசு கிரேசுன்னு உன் பேரத்தான் சொன்னாங்கமா. உன் பேர சொன்னா நான் எப்டி வாணான்றது?"

"சும்மா கெட மா! கிரேசக்கா என்கூட இல்ல இருந்திச்சு? அது எப்டி சொல்லும்?" என்று யமுனா அதட்டினாள்.

ஹானாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுதாள். "நீதானே சொன்னாய், கிரேஸ், எதையாவது செய்யுங்கள் என்று? நீதானே?"

"இன்னா சொல்லுதுக்கா?" என்று யமுனா கேட்டாள்.

மூன்று வாரமாக ஹானா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மொழிபெயர்த்திருக்கிறேன்.

"தெரியாம பண்ணிட்டோம், மன்னிச்சிக்கோன்னு சொல்லுது," என்றேன்.

"அழ வாணான்னு சொல்லு. சின்னப் பொண்ணு," என்றாள் யமுனா.

மறுநாள் அவர்கள் சான்றிதழோடு போனார்கள். அறிக்கையில் 'ஷெட்டுக்கு வண்ணம் பூசப்பட்டது' என்று எழுதச் சொன்னார் எங்கள் நிறுவன டைரக்டர். எழுதினேன், எழுதாமல் என்ன செய்வேன்.

வெள்ளிக்கிழமை அதே பஸ். யமுனா மடியில் அதே பாஸ்போர்ட். பிரியங்கா அழுதுவிடுவாள் என்று தூங்கும்போதே கிளம்பி வந்திருந்தாள். ஏஜெண்டிடம் பேச மறுபடி என்னைத்தான் அழைத்தாள், வேறு யாரையும் நம்பமாட்டாளாம். பாதி வழியில் கேட்டாள்:

"அங்க என் பொட்டியில புள்ள போட்டோ வெச்சிருப்பேன். யாராச்சும் எடுத்தாங்கன்னா, தொடாதன்னு இங்கிலீசுல எப்டிக்கா சொல்றது?"

"டோன்ட் டச்," என்றேன்.

இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இம்மாந்தானா?" என்றாள்.